ஸ்வாமி, மரம், நிகோபார்

போன செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் வீட்டு மானம் கப்பலேறியது. ஏற்றிவிட்டவள் என் பேத்தி. அவளுக்கு ஐந்து வயது.

கல்கத்தா பாலிகஞ்சில் எங்களுக்கு நேர் கீழே குடியிருக்கும் வங்காளி அம்மாள், ஏதோ விசேஷத்துக்குச் செய்த பாயசத்தைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். வாசலில் பேத்தி பொம்மைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். "மா கோதாய்?" அம்மா எங்கே என்று வந்தவள் கேட்டாள். பேத்திக்குத் தமிழும் வங்காளியும் ஒரே பாஷைதான். நடுவில் ஒரு கோடு இருக்கிறது என்று இன்னும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. தலையைத் தூக்காமலே, "மா ஷாமி கோரே" என்றாள்.

அம்மா சாமி அறையில் இருக்கிறாள் என்று அவள் சொல்ல நினைத்தாள். ஆனால் வங்காளியில் ஸ்வாமி என்றால் புருஷன். அதை அவர்கள் ஷாமி என்றுதான் உச்சரிப்பார்கள். ஆக, அம்மா புருஷன் அறையில் இருக்கிறாள் என்று கீழ்வீட்டு அம்மாள் காதில் விழுந்தது. அப்போது மணி பத்தரை. புருஷனாகப்பட்ட என் மகன் ஒன்பதரைக்கே டிராமைப் பிடிக்க ஓடியதை அதே அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பாள். மீதியை எப்படி யோசித்தாளோ, கிண்ணத்தை வாசற்படியில் வைத்துவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

மருமகள் கற்பூரத் தட்டோடு வெளியே வந்தபோது நான் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு மாமா இப்பிடிச் சிரிக்கிய? பிள்ளை என்ன சொல்லிச்சு?"

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க எந்த முகத்தோடு போவது என்பது அவள் கவலை. நீங்களானால் சிரிப்பீர்கள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஏனென்றால் இதே சொல், இதே தப்பு, முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் என் வேலைக்கு உலைவைக்கப் பார்த்தது. அந்தத் தடவை கற்பூரம் இல்லை. தேங்காயெண்ணெய் இருந்தது.

நான் கல்கத்தாவுக்கு வந்தது இருபத்திரண்டு வயதில். மியூசியத்தில் வேலை என்றதும் சௌரங்கியில் இருக்கிற பெரிய மாளிகையை நினைத்துவிடாதீர்கள். அங்கே என்னை வாசல் பெருக்கக்கூட எடுத்திருக்கமாட்டார்கள். தர்மதலாவுக்குப் பின்னால் ஒரு சந்தில், சில துரைமார்களும் சில வங்காளிப் பெரிய மனிதர்களும் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினார்கள். மாடியில் கூடிப் பேசுவார்கள். பேசியது போதும் என்று தோன்றினால் சாப்பிடுவார்கள். கீழே நீளமாக ஒரு கூடம். காட்டிலும் மலையிலும் தீவிலும் இருக்கிற ஜனங்கள் செய்த உருவங்களை அங்கே வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒரிஸ்ஸா மலையில் இருக்கிற கோந்த் ஜனங்கள் வார்த்த பித்தளை யானை, நாகர்கள் செதுக்கிய மரத்தலை, செத்துப்போன யாருக்காகவோ யாரோ நட்டு, வேறு யாரோ பிடுங்கிக்கொண்டு வந்த ஒரு தூண். எல்லாவற்றின் மேலும் பூச்சிமருந்து உருண்டை வாசனை. அந்தக் கூடத்துக்கு நான்தான் குமாஸ்தா. பெட்டி வந்தால் பிரிப்பதும், பொருளைப் புத்தகத்தில் பதிவதும், லேபிள் எழுதவைப்பதும் என் வேலை.

வங்காளிகள் மியூசியத்தை ஜாதுகர் என்பார்கள். மாயவித்தை வீடு என்று அர்த்தம். இதைப் பெருமையாக அப்பாவுக்கு எழுதித் தொலைத்தேன். திருநெல்வேலியிலிருந்து பதில் வந்தது. நம் குடும்பத்தில் கோர்ட்டில் வேலை பார்த்தவர்கள் உண்டு, பள்ளிக்கூடத்தில் பார்த்தவர்கள் உண்டு, தொப்பிக்குள்ளிருந்து புறா எடுத்தவர்கள் கிடையாது, உடனே புறப்பட்டு வரவும். மியூசியம் வேறு, ஜாலவித்தை வேறு என்று அவரை நம்பவைக்க நாலு கடிதம் பிடித்தது. நம்பிய பிறகு, 'வேலை நிரந்தரம் ஆனதும் எழுது, பெண் பார்க்கிறேன்' என்று முடித்திருந்தார்.

அந்த நிரந்தரத்தில்தான் சிக்கல். எனக்கு ஆறு மாதம் ப்ரொபேஷன். அதற்குள் கூடமே இருக்குமா என்பது சந்தேகமாகிவிட்டது. மாடியில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை வேண்டும். மேஜை மாடிப்படி ஏறாது. கீழே போடலாம் என்றால் பித்தளை யானை நிற்கிறது. இதையெல்லாம் யார் வந்து பார்க்கிறார்கள் என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மழைக்கு ஒதுங்குகிறவர்கள்தான் வந்தார்கள், சில சமயம் அவர்களுடைய ஆடும். துர்கா பூஜைக்கு முந்தைய கமிட்டிக் கூட்டத்தில் முடிவு செய்வதாக ஏற்பாடு. கூடம் போனால் நானும் போனேன். அப்பா பார்க்கப்போகிற பெண்ணும் போனாள்.

அந்த ஆடி மாதத்தில் நிகோபார் தீவிலிருந்து ஒரு பெரிய பெட்டி வந்தது. ஆணிகளைப் பிடுங்கிப் பலகையைத் தூக்கினேன். குப்பென்று தேங்காயெண்ணெய் வாசனை. இந்த ஊரில் எல்லாம் கடுகெண்ணெய். நான் சாப்பாட்டுக்கு இருந்த வங்காளி வீட்டில் கத்தரிக்காய்க்கும் தலைமுடிக்கும் கதவுக் கீலுக்கும் அதே எண்ணெய்தான். நாலு மாதமாகத் தேங்காயெண்ணெய் என் மூக்குக்குத் தட்டுப்பட்டதே இல்லை. இப்போது அது, கூடவே பழைய புகை வாசனையும். எங்கள் ஊர்க் கோயிலில் கர்ப்பக்கிருகத்துக் கதவைத் திறந்ததுபோல் இருந்தது. வைக்கோலை விலக்கினால், உள்ளே ஆள்.

கிட்டத்தட்ட என் உயரம். கறுத்த மரம். நல்ல தொந்தி. கப்பல்காரர்கள் யாரையோ பார்த்துச் செதுக்கிய தொப்பி ஒன்று தலையில். கண்ணுக்குச் சிப்பி பதித்திருந்தார்கள். அது இமைக்காமல் பார்த்தது. திறந்த வாய், ஓங்கிய வலது கை. தொப்பியைத் தவிர உடம்பில் துணி என்பதே இல்லை. நான் யோசிக்கவேயில்லை. என் கை தானாகப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவரோடு ஒரு சின்னப் படகும், ஓலையில் பின்னிய பாயும் வந்திருந்தன. படகை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எங்கள் லேபிளில் மேலே இங்கிலீஷ், கீழே வங்காளி. இங்கிலீஷை சூப்பரிண்டெண்ட் துரை எழுதிக் கொடுப்பார். 'உருவம், மரம், நிகோபார்' என்று கொடுத்தார். அவருக்கு எல்லாமே உருவம்தான். வங்காளி எழுத நிபாரண் பாபு வருவார். கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர், இங்கிலீஷ் தெரியாது. எனக்கோ வங்காளி கொஞ்சம் பேச வரும், எழுத்து தெரியாது. அதனால் நான் வாயால் சொல்ல, அவர் பலகையில் எழுதுவது வழக்கம். அன்று டர்பன்டைன் வாசனையோடு வந்து, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, உருவத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏடா கீ?" இது என்ன என்று கேட்டார்.

"ஸாமி" என்றேன்.

"ஷாமி?"

"ஆமாம், ஸாமி."

என்னைப் பார்த்தார். மறுபடி உருவத்தைப் பார்த்தார். குமாஸ்தா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாரோ, சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்று நினைத்தாரோ, எழுதிவிட்டார். அழகான எழுத்து. படிக்கத் தெரியாவிட்டாலும் நான் கொஞ்ச நேரம் நின்று ரசித்தேன்.

எங்கள் கூடத்தில் வெள்ளிக்கிழமை மத்தியானம் பெண்களுக்கு மட்டும். ஒரு ஆண்பிள்ளை உள்ளே இருக்கக் கூடாது. துரையே மாடிக்குப் போய்விடுவார். வாசலில் ஹரிதாசி மாசி உட்கார்ந்திருப்பாள். மாசி என்றால் சித்தி. அவள் யாருக்குச் சித்தி என்று தெரியாது, ஊருக்கே மாசி. அதுவரை வெள்ளிக்கிழமை என்றால் மாசி தூங்குகிற நாள். லேபிள் வைத்த இரண்டாவது வாரம் இரண்டு வண்டி வந்தது. அடுத்த வாரம் சந்தில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன, எல்லாம் கதவடைத்த குடும்ப வண்டிகள். குதிரைச் சாணியை அள்ளத் தனியாக ஆள் போடவேண்டி வந்தது.

துரைக்குத் தலைகால் புரியவில்லை. இந்த நாட்டுப் பெண்களுக்குத் தீவு ஜனங்களின் வாழ்க்கையில் இத்தனை ஆர்வம் இருக்கும் என்று தான் கனவிலும் நினைக்கவில்லை என்றார். மேஜை கேட்கிறவர்களுக்கு அதை ஒரு குறிப்பாகவும் எழுதி மாடிக்கு அனுப்பினார்.

சனிக்கிழமை காலையில் கூடத்தைத் திறந்தால் நம்மவர் இடுப்பில் கரை போட்ட வேட்டி இருக்கும். ஒருநாள் ஓங்கிய கையில் துண்டு. இன்னொரு நாள் வாயில் பான். ஒருநாள் குடை. மாசியைக் கேட்டால் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். வேட்டி சாத்துகிறார்கள், வெற்றிலை வைக்கிறார்கள், பக்தி இல்லாமல் வேறென்ன. ஒரு சாமியை இந்த ஊருக்கு அறிமுகம் செய்துவைத்தவன் என்று எனக்குள் பூரித்துக்கொண்டேன்.

ஆவணி மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பதிவுப் புத்தகத்தைக் கூடத்தில் மறந்து வைத்துவிட்டேன். எடுக்க உள்ளே போனேன். மாசி அந்த நேரம் பார்த்துப் புகையிலை வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்தவள் கூடம் காலி என்று நினைத்து வண்டிகளைத் திறக்கச் சொல்லிவிட்டாள். வாசலில் வளையல் சத்தம். இருந்தது ஒரே வாசல். பெரிய வீட்டுப் பெண்களுக்கு நடுவே கையும் களவுமாக அகப்பட்டால் வேலை மட்டுமல்ல, முதுகும் போய்விடும். நிகோபார் படகு பக்கத்திலேயே இருந்தது. உள்ளே மல்லாந்து படுத்து, ஓலைப்பாயை மேலே இழுத்துக்கொண்டேன்.

பாயில் ஒரு கிழிசல். அதன் வழியாக நம்மவரின் ஓங்கிய கையும், அவரைச் சுற்றிச் செம்பஞ்சுக் குழம்பு பூசிய பாதங்களும் தெரிந்தன. புதிதாக வந்த ஒரு சின்னப் பெண்ணை எல்லோரும் முன்னால் தள்ளிவிட்டுப் படிக்கச் சொன்னார்கள். அவள் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்.

"ஷாமி. காட். நிகோபார்."

காட் என்றால் மரம். அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. ஷாமி என்பது நான் சாப்பாட்டுக்கு இருந்த வீட்டு அம்மாள் தன் புருஷனைப் பற்றி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற சொல், என் காதில் விழுந்திருந்த சொல்தான். லேபிள் சொன்னது இது: புருஷன், மரம், நிகோபார்.

"மரம்னு தனியா வேற எழுதணுமா?" என்று ஒரு குரல். கூடம் அதிர்ந்தது.

"வாயத் திறந்துக்கிட்டே நிக்கிறாரு பாரு. இன்னும் சோறு ஆகலையாங்கிறாரு."

"நம்ம வீட்டுல உள்ளதுக்கு இது தேவலை அக்கா. இது கைய ஓங்குது, அவ்வளவுதான். ஒரு வருஷமானாலும் எறங்காது."

"நாம பேசுனா காது குடுத்துக் கேக்குது. கண்ணுகூட மூடல. இப்பிடி ஒண்ணு நிகோபார்ல கிடைக்கும்னு தெரிஞ்சா எங்கப்பா அங்கேயே குடுத்திருப்பாரு."

ஆளுக்கு ஆள் வந்து அவரைத் திட்டினார்கள், கொஞ்சினார்கள், தொந்தியில் குத்தினார்கள். எங்கள் ஊரைப்போலவே இங்கேயும் புருஷன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்லமாட்டார்கள். இவருக்குப் பெயரே இல்லை என்பது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. படகுக்குள் நான் பாயைப் பல்லால் கடித்துக்கொண்டு கிடந்தேன். பயத்தில் பாதி, சிரிப்பில் பாதி.

கடைசியில் எல்லோரும் போனார்கள். போய்விட்டார்கள் என்று எழுந்திருக்கப் பார்த்தபோது ஒரு சாவிக்கொத்துச் சத்தம். முந்தானையில் சாவிக்கொத்து முடிந்த ஒருத்தி திரும்பி வந்திருந்தாள். கொஞ்சம் வயதான பாதங்கள். அவள் சிரிக்கவில்லை.

"ஓகோ, ஷுன்சோ?" என்றாள் மெதுவாக. என்னங்க, கேட்கிறதா என்று வங்காளிப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுகிற விதம் அது. பிறகு சொன்னாள்:

"இருபது வருஷமா பரிமாறுறேன். நீ சாப்பிட்டியான்னு ஒருநாளாவது ஒரு வார்த்தை கேட்டதுண்டா?"

நம்மவர் வழக்கம்போல வாயைத் திறந்தபடி நின்றார். அவள் அவர் இடுப்பு வேட்டியைச் சரிசெய்துவிட்டுப் போனாள். எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. அது என் காதுக்குச் சொன்ன வார்த்தை அல்ல. அதைக் கேட்டதற்காக இன்றுவரை எனக்கு வெட்கம்தான்.

வண்டிகள் போனபிறகு பாயோடு எழுந்து உட்கார்ந்தேன். கதவைப் பூட்ட வந்த மாசி, படகுக்குள்ளிருந்து ஒரு ஆள் எழுவதைப் பார்த்து முதலில் ராம நாமம் சொன்னாள், பிறகு விளக்குமாற்றை எடுத்தாள். காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியபிறகு, கடைசியாக வந்தவர் யார் என்று சொன்னாள். கமிட்டியில் பெரிய குரல் ராய் பகதூருடையது. அவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் மாடி முழுவதும் சாயும். வந்தது அவர் மனைவி.

அன்று சாயங்காலமே நிபாரண் பாபுவைத் தேடிப் போனேன். புருஷன் என்று எழுதி வைத்திருக்கிறீரே, நியாயமா என்றேன்.

"நீர் சொன்னதைத்தானே எழுதினேன்? ரெண்டு தடவை வேற கேட்டேன். உங்க தேசத்துல பொண்ணுகளுக்கு இப்படி ஏதாவது பழக்கம் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். லேபிளை அழித்தால் பெண்கள் வரமாட்டார்கள், கூடத்தில் மேஜை வந்துவிடும். அழிக்காவிட்டால், வங்காளி படிக்கத் தெரிந்த கமிட்டிக்காரர் ஒருவர் கண்ணில் பட்ட அன்றைக்கு எனக்குச் சீட்டுக் கிழியும். மறுநாள் துரை சந்தோஷமாக வந்து ஒரு செய்தி சொன்னார். பெண்களை இப்படி ஈர்க்கிற உருவத்தை நேரில் பார்க்க ராய் பகதூர் புதன்கிழமை பதினோரு மணிக்கு வருகிறார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு நிபாரண் பாபுவைக் கூட்டிவந்து, டர்பன்டைன் நனைத்த துணியால் அந்த ஒரு சொல்லை மட்டும் துடைத்துவிடச் சொன்னேன். மேஜை வந்தால் வரட்டும், மானத்தோடு போகலாம் என்று முடிவு. அவர் துணியை எடுத்த நேரத்தில் பின்னால் தடிச் சத்தம். பெரிய மனிதர்கள் தாமதமாக வருவார்கள் என்று யார் சொன்னது? ஒரு மணி நேரம் முன்னாலேயே ராய் பகதூர் வந்து நின்றார். நிபாரண் பாபு பதறிப்போய் டர்பன்டைன் துணியால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண் எரிய வெளியே ஓடினார்.

ராய் பகதூர் லேபிளைப் படித்தார். உருவத்தைப் பார்த்தார். அப்போதுதான் நானும் இருவரையும் சேர்த்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அதே தொந்தி. தலையில் தொப்பி. பேசத் தொடங்குமுன் வலது கையை ஓங்கி வாயைத் திறப்பது அவர் வழக்கம். இப்போதும் ஓங்கினார். எதிரே இருந்தவரும் ஓங்கிக்கொண்டிருப்பதைக் கண்டு மெதுவாகக் கீழே இறக்கினார்.

"இதை எழுதச் சொன்னது யார்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"நான்தான், சார்."

"எந்த பாஷையில்?"

"தமிழில், சார். எங்கள் பாஷையில் ஸாமி என்றால் கடவுள்."

"எங்கள் பாஷையிலும் போன மாதம்வரை கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மூன்று வாரமாக வீட்டில் என்னைப் பார்த்தால் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். நான் கையைத் தூக்கினால் உள்ளே ஓடிப் போய்ச் சிரிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை இங்கே என்ன நடக்கிறது?"

"ஆண்கள் உள்ளே இருக்கக் கூடாது, சார்."

"அது சட்டம். நான் கேட்டது வேறு."

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். என்னவோ வரவில்லை. "நான் படகில் இருந்தேன், சார்" என்றேன். எந்தப் படகு என்றார். காட்டினேன். அருகில் போய்ப் படகுக்குள் எட்டிப் பார்த்தார், என் நீளத்தையும் பார்த்தார். மீசை லேசாக ஆடியது.

"என்ன பேசுகிறார்கள்?"

மற்றதையெல்லாம் விட்டுவிட்டேன். மரமா, தொந்தியா, நிகோபாரில் பெண் கொடுப்பதா, ஒன்றும் சொல்லவில்லை. "ஒரு குரல் மட்டும் கேட்டது, சார். இருபது வருஷமாகப் பரிமாறுகிறேன், நீ சாப்பிட்டாயா என்று ஒருநாளாவது கேட்டதுண்டா என்று இவரிடம் கேட்டது. முகம் நான் பார்க்கவில்லை."

யார் குரல் என்று அவர் கேட்கவில்லை. கேட்பார், நான் தெரியாது என்று சாதிக்க வேண்டும் என்று தயாராக நின்றேன். அவர் நாற்காலி கொண்டுவரச் சொல்லி, உருவத்துக்கு எதிரே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, "கடவுளும் இல்லை, புருஷனும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இது உண்மையில் என்ன என்று கண்டுபிடி. கூட்டத்துக்கு முன்னால் எனக்குத் தெரியவேண்டும்" என்றார். வேலை உண்டா இல்லையா என்று சொல்லவில்லை. லேபிளை எடு என்றும் சொல்லவில்லை.

யாரிடம் கேட்பது? துரையைக் கேட்டால் உருவம் என்பார். கிதிர்ப்பூர் துறைமுகத்துக்கு நடையாக நடந்தேன். நிகோபார் தேங்காய் ஏற்றி வருகிற கப்பலில் நம் தமிழ்க்காரர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். மூன்றாவது நாள், நாகூர்க்காரரான ஒரு மரைக்காயர் அகப்பட்டார். தேங்காய்க்காக அந்தத் தீவுக்குப் போய்வந்தே தலை நரைத்தவர். தொப்பி, கை, சிப்பிக்கண் எல்லாம் சொல்லி, அது என்ன சாமி என்று கேட்டேன்.

"சாமியா? நீங்க வேற தம்பி. அது காய்ச்சப் பேய வெரட்டுறதுக்கு வூட்டுல நிறுத்தி வைக்கிற ஆளு. கைய ஓங்கிக்கிட்டு, வாயத் தொறந்துக்கிட்டு பயமுறுத்தணும். அதான் அவருக்கு வேல."

"பயமுறுத்திட்டா?"

"வச்சுப்பாங்க. நல்லாப் பாத்துப்பாங்க."

"இல்லைன்னா?"

"வூட்டுல யாரும் மவுத்தாப் போயிட்டா, ஆளு சரியில்லைன்னு காட்டுல கொண்டுபோயி எறிஞ்சிருவாங்க."

திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு அவர்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. கடவுளாம், புருஷனாம். கடைசியில் அவரும் என்னைப்போல ப்ரொபேஷனில் இருக்கிறவர்தான்.

ராய் பகதூரிடம் அப்படியே ஒப்பித்தேன். 'வீட்டைக் காக்க வேண்டும், காக்காவிட்டால் எறிந்துவிடுவார்கள்' என்பதை அவர் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "இதை இங்கிலீஷில் சின்ன எழுத்தில் கீழே எழுதிவை, யாரும் படிக்கமாட்டார்கள். வங்காளியைத் தொடாதே" என்றார். கமிட்டிக் கூட்டத்தில் அவர் கையை ஓங்கிய சத்தம் கீழே எனக்கே கேட்டது. மேஜை வரவில்லை. அடுத்த வாரம் துரை என் நிரந்தர உத்தரவைக் கொடுத்தார். நான் அப்பாவுக்கு எழுதினேன்.

உத்தரவைவிட எனக்கு ஞாபகம் இருப்பது அதற்கு அடுத்த சனிக்கிழமை. கூடத்தைத் திறந்தால் நம்மவர் காலடியில் ஒரு சீப்பு வாழைப்பழம், மிட்டாய் ஒரு தட்டு. யார் வைத்தது என்று மாசியைக் கேட்டேன். ராய் பகதூர் வீட்டு அம்மாள் நேற்று எல்லோருக்கும் முன்னால் தனியாக வந்தாராம். பழத்தை வைத்துவிட்டு உருவத்தைப் பார்த்து இரண்டே வார்த்தை சொன்னாராம்.

"ஜிக்கேஷ் கொரேசே."

கேட்டுவிட்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்த அம்மாள் கூடத்துக்கு வரவேயில்லை என்று மாசி குறைப்பட்டுக்கொண்டாள். அந்த வண்டி வந்தால் மாசிக்குப் புகையிலை கிடைக்கும்.

அப்பா பார்த்த பெண் தை மாதம் என்னோடு கல்கத்தாவுக்கு வந்தாள். முதல் நாள் சமையல். நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டேன். அன்றிலிருந்து முப்பத்திரண்டு வருஷம், இரண்டு வேளையும் கேட்டேன். ஆரம்பத்தில் அவளுக்கு அது அதிசயமாக இருந்தது. பிறகு தொந்தரவாக இருந்தது. "தெனமும் என்ன ஒரே கேள்வி? நான் என்னைக்காவது பட்டினி கெடந்திருக்கேனா?" என்பாள். எங்கே கற்றுக்கொண்டேன் என்று அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை. சொன்னால் படகுக்குள் படுத்திருந்ததையும் சொல்லவேண்டி வரும். பெண்கள் நாளில் ஓலைப்பாய்க்கு அடியில் ஒளிந்திருந்தவனை எந்த மனைவி சும்மா விடுவாள்?

கூடம் இப்போது இல்லை. பெரிய சண்டை வந்த வருஷங்களில் துரைமார்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள், ராய் பகதூரும் காலமானார். மேஜை வந்தது. பித்தளை யானை எங்கேயோ போயிற்று. நான் வேறு ஆபீசுக்குப் போய்விட்டேன். பின்னால் மேஜையும் போய், சந்தும் போய், அங்கே இப்போது அகலமாக ஒரு ரோடு ஓடுகிறது. நம்மவரை ஒரு துரை சீமைக்குக் கொண்டுபோனார் என்கிறார்கள், இல்லை, ஏதோ கிடங்கில் முகம் குப்புறக் கிடக்கிறார் என்கிறார்கள். லேபிள் யாரிடமும் இல்லை. தேங்காயெண்ணெய் மட்டும் கரியாஹாட் சந்தையில் இப்போது தாராளமாகக் கிடைக்கிறது.

கீழ்வீட்டுக் கிண்ணத்தை நேற்று நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சாமி அறை என்றால் எங்களுக்குப் பூஜை அறை என்று விளக்கிச் சொன்னேன். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு எனக்கு ரொம்பப் பழகிய சிரிப்பாக இருந்தது.

மேலே வந்து சாப்பிட்டுக் கை கழுவினேன். என் மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது. கேள்வி மட்டும் இன்னும் நேரத்துக்கு வாய்வரை வந்துவிடுகிறது. அந்த மரத்து மனிதர் இருந்தாலாவது, அவர் எதிரே போய் நின்று, "இப்போது யாரைக் கேட்பது?" என்று கேட்கலாம். அவருக்குப் பதில் தெரியாது. ஆனால் கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.